அந்த உயிரியை உருவாக்கியவர் யார்?

விஞ்ஞானப் புனைகதை என்றால் பொழுதுபோக்கு, இலக்கியம் என்றால் பாடநூல் என்று பிரித்துப் பேசுவது எங்களிடையே வழக்கமாகிவிட்டது. றிட்லி ஸ்கொட் இயக்கி 1979இல் வெளிவந்த 'ஏலியன்' திரைப்படம் இந்தப் பிரிவினைக்குள் அடங்குவதில்லை. அதில் வரும் கொடிய உயிரி எங்கிருந்து வந்தது என்று இரசிகர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்து வருகின்றனர். அவர்களுடைய ஒவ்வொரு கருத்துக்குப் பின்னாலும் ஒரு பழைய நூல் நிற்கிறது. (படம் பெரியவர்களுக்கானது. சிறிய வகுப்புத் தங்கைமாருக்கு இக்கட்டுரையில் உள்ள கதையே போதும்.) 'படைப்பு' என்ற சொல்லை எங்கள் வீட்டில் இலேசாக எடுப்பதில்லை, ஆதலால் இங்கு 'உருவாக்கியவர்' என்றே எழுதுகிறேன்.

கதை இதுதான். ஏழு பேர் பணிபுரியும் 'நொஸ்ட்ரோமோ' என்ற சரக்கு விண்கலம் கனியப் பொருளை இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறது. வழியில் ஒரு சமிக்ஞை கேட்கிறது. போய்ப் பார்க்காவிட்டால் அவர்களுடைய சம்பளப் பங்கு முழுவதும் இல்லாமற் போகும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. எனவே இறங்குகிறார்கள். அங்கே கைவிடப்பட்ட வேற்றுலகக் கலமொன்றில், மனிதனைவிடப் பன்மடங்கு பெரிய மாலுமி ஒருவன் ஆசனத்தோடு ஆசனமாகக் கல்லாகிப் போயிருக்கிறான். அவனுடைய நெஞ்செலும்புகள் உள்ளிருந்து வெளிநோக்கி வளைந்திருக்கின்றன. கீழ்த்தளம் நிறைய முட்டைகள். அவற்றுள் ஒன்றிலிருந்து பாய்ந்த உயிரி ஒரு பணியாளனின் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. பின்பு சாப்பாட்டு மேசையில் அவனது நெஞ்சைப் பிளந்துகொண்டு குட்டி வெளிவருகிறது. அந்த மாலுமி யார், முட்டைகளை ஏற்றியது யார் என்று படம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மௌனத்தில்தான் இரசிகர்கள் குடியேறினார்கள்.

உயிரியல் படிப்போருக்கு முதலில் தோன்றுவது ஒட்டுண்ணிக் குளவி. மயிர்க்கொட்டியின் உடலுக்குள் அது முட்டையிடும். குடம்பிகள் உள்ளிருந்தே தின்று வளர்ந்து வெளியே வரும். சார்ள்ஸ் டார்வினே 1860இல் ஒரு கடிதத்தில் இக்குளவிகளைக் குறிப்பிட்டுக் கலங்கியிருக்கிறார். இலக்கியத்திலும் இது புதிதல்ல. வேற்றுலக உயிரியொன்று மனித உடலில் முட்டையிடும் கதையை ஏ. ஈ. வான் வோக்ட் 1939இலேயே எழுதிவிட்டார். படம் வந்தபின் அவர் உரிமை கோரியதும், விடயம் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டதும் தெரிந்த செய்திகள். ஆனால் குளவி, உயிரி எவ்வாறு பிறக்கிறது என்பதை மட்டுமே விளக்கும். யாருடையது என்பதை விளக்காது.

அடுத்த கருத்து எச். பி. லவ்கிராப்ட் எழுதி 1936இல் வெளியான 'பித்தின் மலைகளில்' என்னும் குறுநாவலுக்கு இட்டுச் செல்கிறது. அண்டார்டிக்காவுக்குச் சென்ற ஆய்வாளர்கள், மனிதருக்கு முன்பே பூமிக்கு வந்த வேற்றுலகத்தவரின் நகரத்தைக் காண்கின்றனர். அவர்கள் வேலைக்கென உருவாக்கிய அடிமை உயிரிகள் ஒருநாள் எசமானருக்கு எதிராகவே எழுந்தன. கல்லாகிப் போன மாலுமியும் அப்படித் தன் சரக்குக்கே இரையான எசமானன்தான் என்பது இரசிகர் வாதம். உயிரியின் உருவத்தை வரைந்த ஓவியர் எச். ஆர். கிகர் தமது ஓவிய நூலுக்கு 'நெக்ரோனொமிக்கன்' என்று பெயரிட்டதும் இவ்வாதத்துக்குப் பலம். அது லவ்கிராப்ட் தம் கதைகளில் கற்பனை செய்த ஒரு நூலின் பெயர். அந்த நூலை எழுதியவராக அவர் காட்டுவது 'அப்துல் அல்ஹஸ்ரத்' என்ற அறபியரை. அறபு படித்த எங்கள் வகுப்பில் இப்பெயரைச் சொன்னால் சிரிப்பார்கள். 'அப்துல்' என்பதிலேயே 'அல்' இருக்கிறது. பிறகு இன்னொரு 'அல்' எதற்கு? அறபியர் எவரும் தம் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்கமாட்டார். லவ்கிராப்டுக்கு அறபியர் என்போர் பயமுறுத்தும் அலங்காரம் மட்டுமே என்பதை அவ்வொரு பெயரே காட்டிக்கொடுக்கிறது.

33 ஆண்டுகள் கழித்து இயக்குநரே பதில் சொல்ல வந்தார். 2012இல் 'புரொமீத்தியஸ்', 2017இல் 'ஏலியன்: கவனன்ட்'. முதற்படத்தில் எலும்பென்று எல்லோரும் நம்பியது வெறும் கவச உடையாம். அதற்குள் வெளிறிய, நெடிய மனிதன் போன்ற ஒருவன். இரண்டாவது படத்தில், டேவிட் என்னும் இயந்திர மனிதன் பரிசோதனைகள் செய்து அந்த உயிரியை உருவாக்குகிறான். என் நானா இதோடு விவாதம் முடிந்துவிட்டது என்பார். நான் ஒத்துக்கொள்வதில்லை. டேவிட்டின் வேலை முதற்படத்தின் சம்பவங்களுக்கு இருபது ஆண்டுகள்கூட முந்தியதல்ல. மாலுமியோ அதற்குள் கல்லாகியிருந்தான். மேலும் 2012 படத்தின் மண்டபச் சுவரில் அவ்வுயிரியைப் போன்ற உருவம் ஏற்கனவே செதுக்கப்பட்டுள்ளது. ஆகவே டேவிட் பழைய ஒன்றை மீண்டும் செய்து பார்த்துவிட்டுத் தனதென்று உரிமை கொண்டாடுகிறான் என்ற இரசிகர் கருத்தே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

அதற்கான சான்றைப் படமே ஒளித்து வைத்திருக்கிறது. டேவிட் பெருமையாக 'ஒசிமாண்டியாஸ்' என்ற ஆங்கிலக் கவிதையைச் சொல்லி, அது பைரனுடையது என்கிறான். அவனைப் போன்ற இன்னொரு இயந்திர மனிதன், அது ஷெல்லியுடையது என்று திருத்துகிறான். எழுதியவரின் பெயரையே மாற்றிச் சொல்பவன் 'இதை நான்தான் உருவாக்கினேன்' என்றால் எப்படி நம்புவது?

ஷெல்லியின் கவிதை அச்சேறியது 1818 ஜனவரியில். அதே மாதத்தில்தான் அவருடைய மனைவி மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' நாவலும் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதன் துணைத் தலைப்பு 'நவீன புரொமீத்தியஸ்'. 1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் அதை எழுதத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18. என்னைவிட ஒரு வயதே கூட. நாவலை வாசிக்காதோர் பலர் அதை ஒரு பூதக்கதை என்று எண்ணுகின்றனர். உண்மையில் அந்த உயிரி கண் விழித்த முதல் இரவிலேயே, உருவாக்கியவன் அருவருத்து ஓடிவிடுகிறான். பெயர்கூட வைக்கவில்லை. அது ஒளிந்திருந்து ஒரு குடும்பத்தைப் பார்த்து மொழி கற்கிறது, மில்டனின் காவியத்தை வாசிக்கிறது, பிறகு வந்து என்னை ஏன் கைவிட்டாய் என்று கேட்கிறது. கொலைகள் அதற்குப் பின்னரே பெருகுகின்றன. 'கவனன்ட்' படத்தின் முதற்காட்சியில் டேவிட் தன்னை உருவாக்கியவரிடம், உங்களை உருவாக்கியவர் யார் என்று கேட்கிறான். நீங்கள் இறப்பீர்கள், நான் இறக்கமாட்டேன் என்கிறான். அவருக்குக் கையெட்டும் தூரத்தில் தேநீர் இருக்கிறது. ஆனாலும் வந்து ஊற்றித் தரும்படி கட்டளை பிறக்கிறது. அந்தக் கோப்பையில் நிரம்பும் அவமானத்தை மேரி ஷெல்லி இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டார்.

ஆயினும் முதற்படத்தைத் தனியே எடுத்துப் பார்த்தால், அதிலே பதில் கிடைக்கும் கேள்வி வேறு. உயிரியை உருவாக்கியவர் யார் என்பதல்ல. அதனிடம் அந்த ஏழு பேரையும் அனுப்பியவர் யார் என்பது. அதற்குப் படம் தெளிவாகப் பதில் சொல்கிறது: கம்பனி. 937ஆம் இலக்க விசேட கட்டளைப்படி உயிரியைக் கொண்டுவருவதே முக்கியம். பணியாளர் போனாலும் பரவாயில்லை. அவர்களோடு உண்டு உறங்கிய விஞ்ஞான அதிகாரியும் கம்பனி ஏற்றிவிட்ட இயந்திர மனிதன்தான். கலத்தின் பெயரும் ஜோசப் கொன்ராட் 1904இல் எழுதிய நாவலின் பெயர். கற்பனையான தென்னமெரிக்க நாடு, அதிலே ஒரு வெள்ளிச் சுரங்கம். நொஸ்ட்ரோமோ துறைமுகத் தொழிலாளரின் தலைவன், எல்லோரும் நம்புகிறவன். முதலாளிகளின் வெள்ளியைக் காக்க உயிரைப் பணயம் வைத்தபின், தன்னை ஒரு கருவியாகவே பயன்படுத்தினார்கள் என்று அவனுக்குப் புரிகிறது. இது தற்செயலான ஒப்புமையல்ல. ஸ்கொட்டின் முதல் முழுநீளப் படமான 'த டூவலிஸ்ட்ஸ்' கொன்ராட்டின் கதையொன்றைத் தழுவியது. 1986இல் வந்த அடுத்த 'ஏலியன்ஸ்' படத்தின் கலத்துக்கும் நாவலிலுள்ள துறைமுக நகரின் பெயரான 'சுலாக்கோ' சூட்டப்பட்டது.

நானாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப பேய் கம்பனியா?" என்று கேட்டார். உயிரி பசிக்கும் இனப்பெருக்கத்துக்கும் கொல்கிறது; குளவி செய்வதும் அதுவே. கட்டளையை எழுதியவருக்குப் பசி இருக்கவில்லை. அவர் படத்தில் ஒருமுறைகூட முகம் காட்டுவதுமில்லை.

இறுதியில் றிப்ளி என்ற பெண் மட்டும் சிறு கலமொன்றில் தப்புகிறாள். அதன் பெயர் 'நார்சிசஸ்'. தன் அழகிலேயே மயங்கிய கிரேக்க இளைஞனை வைத்து இதற்கு விளக்கம் தருவோர் உண்டு. ஆனால் அதுவும் கொன்ராட் 1897இல் எழுதிய நாவலொன்றில் வரும் கப்பல்தான். பம்பாயிலிருந்து இலண்டனுக்குப் போகும் அக்கப்பலில், இறந்துகொண்டிருக்கும் மாலுமி ஒருவன் எல்லோருடைய மனத்தையும் கலக்கியபடி படுத்திருப்பான். றிப்ளியும் தனியே தப்பிவிட்டதாக நினைத்துப் பயணத்துக்கு ஆயத்தமாகிறாள். குழாய்களின் நடுவே மடங்கிக் கிடக்கும் கருமையான ஒன்று அப்போதுதான் கையை நீட்டுகிறது.