பட்டறைக்கு வரும் பிள்ளைகள்

பெற்றோர் தம் குழந்தைகளை அடிக்கடி வேலையிடத்துக்கு அழைத்துச் செல்லலாமா? அன்பர்களின் குடும்பங்களில் எழும் இவ்வினாவை ஐதராபாத்தின் பாலாநகரில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாகும். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸின் பிரிவு, மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம் போன்ற பெரிய அமைப்புகள் அங்கே உள்ளன. அவற்றைச் சூழ்ந்து எண்ணற்ற சிறு லேத் பட்டறைகளும் உள்ளன.

தந்தையின் உழைப்பைப் பிள்ளை காண வேண்டும் என்னும் விருப்பம் தூயது. சோறு எப்படி வருகிறது என்பதை அறியாமல் வளரும் குழந்தைக்கு உழைப்பவரிடம் மதிப்புத் தோன்றுவது அரிது. ஆனால் ‘காண்பது’ வேறு, ‘நாள்தோறும் உடன் இருப்பது’ வேறு. லேத் ஓடும்போது சூடான இரும்புச் சுருள்கள் தெறிக்கின்றன. சாணைக் கல்லிலிருந்து பொறி பறக்கிறது. பழகிய தொழிலாளியின் கண்ணே ஒரு கணம் அயர்ந்தால் விரல் போய்விடும். பிள்ளையின் மீது பாதி மனமும் இயந்திரத்தின் மீது பாதி மனமும் வைப்பவர் இரண்டையும் காக்க இயலாது.

மற்றோர் ஆபத்து ஓசையின்றி வருகிறது. முதல் நாள் வேடிக்கை பார்த்த சிறுவனிடம் மறுவாரம், “அந்த ஸ்பேனரை எடுத்துக் கொடு” என்கிறார்கள். அடுத்த மாதம் அவன் பொருள்களைத் துடைத்து அடுக்குகிறான். யாரும் தீய எண்ணம் கொள்ளவில்லை. ஆயினும் அவன் தொழிலாளியாகிவிட்டான். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டு, 14 வயது நிறையாதவரை வேலையில் அமர்த்துவதைத் தடை செய்தது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு அது இடமளித்தாலும், ஆபத்தான தொழில்களுக்கு அவ்விலக்கு இல்லை.

வேறு வழியின்றிக் குழந்தையுடன் வரும் தாயின் நிலை தனியானது. அவரைக் குறை கூறுவது அறமன்று. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் வந்த மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்களில் காப்பகம் அமைக்கவும், தாய் நாளில் நான்கு முறை சென்று குழந்தையைக் காணவும் வகை செய்தது. ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறை இந்த எண்ணிக்கைகளை எட்டுவதில்லை. அங்கன்வாடியோ மாலைவரை திறந்திருப்பதில்லை. அண்டை வீட்டாரும் ஓய்வுபெற்ற அன்பர்களும் மாலையில் சில மணி நேரம் அக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால், அதுவும் இறைவழிபாடே.

சுவாமி விவேகானந்தர் தம் கர்மயோகச் சொற்பொழிவுகளில் மகாபாரதத்தின் தர்மவியாதன் கதையைக் கூறியிருக்கிறார். தன்னைத் தேடி வந்த துறவியை அந்த இறைச்சி வணிகன் காத்திருக்கச் சொல்கிறான். வியாபாரத்தை முடித்த பின்னரே வீடு சென்று, பெற்றோருக்குப் பணிவிடை செய்து, அதன் பிறகு உபதேசிக்கிறான். கடைக்கு உரியதைக் கடைக்கும் வீட்டுக்கு உரியதை வீட்டுக்கும் முழுமையாக அளித்த மனம் அது.

நம் மரபு இதற்கு ஓர் அழகிய வழி வைத்திருக்கிறது. ஆயுத பூஜையன்று இயந்திரங்கள் நிறுத்தப்படுகின்றன. துடைத்துப் பொட்டிட்டு மாலை சூட்டிய பின் குடும்பத்தார் பட்டறைக்குள் வருகின்றனர். பிள்ளைகள் அச்சமின்றி இயந்திரத்தைத் தொட்டு வணங்குகின்றனர். ஓடாத இயந்திரத்தைக் கண்டால் உழைப்பு விளங்குமா எனச் சிலர் கேட்கலாம், கேள்வி நியாயமானதே. அதற்கு வீட்டிலேயே இடமுண்டு. தான் கடைந்த சிறு உருளை ஒன்றைத் தந்தை மாலையில் மகளின் உள்ளங்கையில் வைத்து, வெர்னியர் அளவுகோலைப் பிடிக்கக் கற்றுத் தரலாம். அளவு ஒரு நூல் பிசகினாலும் அது ஏன் பயன்படாது என்று அவளே கேட்பாள்.