மலையகத்தில் இணைய வியாபாரம்: எந்த வழியில் வளர்வது?

கொழும்புத் தேயிலை ஏலம் 1883ல் தொடங்கியது. 137 வருடங்களாகத் தரகர்களும் வாங்குபவர்களும் மண்டபத்தில் கூடி, வாயால் விலை கேட்டே விற்பனை நடந்தது. 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கின் நடுவே, அந்த ஏலம் இணையத்துக்கு மாறியது. இவ்வளவு பெரிய மாற்றம் வந்தும் பொகவந்தலாவையில் கொழுந்து பறிப்பவருக்கும் அந்தத் தேயிலையைக் குடிப்பவருக்கும் நடுவில் நிற்கும் ஆட்கள் குறையவில்லை. தொழிற்சாலையிலிருந்து தரகர், தரகரிடமிருந்து ஏற்றுமதியாளர், அங்கிருந்து எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவருடைய பெயர் அச்சடித்த பெட்டி. குடிப்பவரை யாருக்குத் தெரியுமோ அவரிடம்தான் இலாபம் தங்குகிறது. மெரில் ஜே. பெர்னாண்டோ டில்மாவை வளர்த்ததும் இதைப் புரிந்துகொண்டுதான். தேயிலையை இலங்கையிலேயே பொதியிட்டு, சொந்தப் பெயரில், குடிப்பவரின் கைக்கே கொண்டுபோனார்.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கொட்டகலையிலும் நுவரெலியாவிலும் கைப்பேசியை வைத்துக்கொண்டு வியாபாரம் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஆப் செய்யலாமா, டராஸ் இணையச் சந்தையில் கடை போடலாமா, கடன் எடுக்கலாமா, கொழும்புக்குப் போகலாமா என்று எல்லாக் கேள்வியும் ஒன்றாக வந்து நிற்கும். அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் யாரிடம் இருக்கப் போகின்றன? கீழே வரும் ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்வியை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

எதை விற்பது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தேயிலை. உள்நாட்டில் பொதியிட்டு விற்பதில் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் பேஸ்புக்கைத் திறந்தால் தோட்டத்துத் தேயிலை விற்காத ஆளில்லை, உங்கள் தூளுக்கும் பக்கத்து ஆளின் தூளுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியாது. திம்புள்ள, நுவரெலியாப் பகுதித் தேயிலைக்குப் பேர்போன காலம் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்தப் பருவத்துத் தூளை மட்டும், எந்தப் பகுதி, எந்த மாதம் என்று பொதியிலேயே எழுதி விற்பவருக்கு ஒரு தனி இடம் கிடைக்கும். வெளிநாட்டுக்கு வணிகமாக அனுப்ப வேண்டுமானால் இலங்கைத் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதிய வேண்டும். பொதியில் சபையின் சிங்க இலச்சினையைப் போடத் தனி அனுமதி தேவை. இலங்கையிலேயே பொதியிட்ட சுத்தமான இலங்கைத் தேயிலைக்குத்தான் அது கிடைக்கும். இது முதல் வருடத்து வேலை அல்ல.

சுற்றுலா முன்பதிவில் காசு சீக்கிரம் வரும். நுவரெலியாவின் ஏப்ரல் சீசன், டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலை யாத்திரை, நானுஓயாவிலிருந்து எல்ல போகும் ரயில் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆனால் 2019ல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு, 2020ல் கொரோனா, 2022ல் எரிபொருள் வரிசை. நான்கு வருடத்துக்குள் மூன்று தடவை இந்தத் தொழில் படுத்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைப் பாதைகளையும் ரயில் பாதையையும் உடைத்தது. இதைப் பக்கத் தொழிலாக வைத்துக்கொள்ளலாம், ஒரு குடும்பம் முழுவதும் இதையே நம்பி இருக்கக்கூடாது.

வெளிநாட்டவருக்குக் கணினி வேலை செய்து கொடுப்பது மூன்றாவது வழி. பைவர், அப்வர்க் போன்ற தளங்களில் வடிவமைப்பு, தரவுப் பதிவு, மென்பொருள் எழுதுதல் என்று நம் பிள்ளைகள் நன்றாகவே செய்கிறார்கள். பேபாலில் பணம் வாங்கும் வசதி இலங்கைக்கு நீண்ட காலமாகக் கிடைக்காததால் பலர் பேயோனியர் வழியாக எடுக்கிறார்கள். 2025 ஏப்ரலிலிருந்து இந்த வருமானத்துக்கும் வரி உண்டு. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு, அதற்கு மேல் உச்ச வீதம் நூற்றுக்கு 15. கையில் முதல் இல்லாதவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. ஆனால் கணக்கும் நட்சத்திரங்களும் வாடிக்கையாளரும் அந்தத் தளத்துக்கே சொந்தம். ஒருநாள் கணக்கை மூடினால் அத்தனையும் போய்விடும். அதனால் இதில் உழைத்த காசில் ஒரு பங்கைச் சொந்தத் தொழிலுக்கு ஒதுக்கிக்கொண்டே வரவேண்டும்.

நாலாவது வழியை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நான் அதைத்தான் முதலிடத்தில் வைப்பேன்: நம் தோட்டங்களுக்குள்ளேயே சேவை கொண்டுபோவது.

தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் காலங்காலமாகத் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்துதான் ஆளுக்குக் கிடைத்தன. வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் இல்லாத லயங்கள் இன்றும் ஏராளம். வேலைக் கடிதம் கிடைக்காமல், நேர்முகத்துக்குப் போக முடியாமல் போனவர்கள் நம்மிடையே உண்டு. அது பெரிய அநியாயம், இன்னும் தீர்ந்துவிடவில்லை. இணைய வியாபாரத்திலும் அதே அநியாயம் தொடர்கிறது. கூரியர்காரர் டவுணில் நின்றுகொண்டு போன் அடிப்பார், மேல் டிவிஷன் எது, கீழ் டிவிஷன் எது, எந்த லயம், எத்தனையாவது காம்பரா என்று அவருக்குத் தெரியாது. கொழும்பில் இருக்கும் பெரிய நிறுவனத்தின் வரைபடத்திலும் அது இல்லை. உங்களுக்குத் தெரியும். எவ்வளவு பணம் போட்டாலும் ஒரே மாதத்தில் யாரும் வாங்கிவிட முடியாத முதல் அது.

கப்ருக நிறுவனத்தின் வளர்ச்சியைப் பாருங்கள். வெளிநாட்டிலிருக்கும் இலங்கையர் ஊரிலிருக்கும் உறவுக்குக் கேக்கும் பரிசும் அனுப்பும் ஆசையிலிருந்து வளர்ந்தது அது. மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கும் கொழும்புக் கடையில் நிற்கும் அண்ணனுக்கும் அதே ஆசை உண்டு. மகளின் பிறந்தநாளுக்கு மஸ்கெலியாவின் ஏதோ ஒரு லயத்துக்குக் கேக் போய்ச் சேர வேண்டும், பள்ளி தொடங்கும்போது சப்பாத்தும் கொப்பியும் சேர வேண்டும், தாத்தாவுக்கு மாதாமாதம் மருந்து சேர வேண்டும். பத்துத் தோட்டத்துக்கு இதை ஒழுங்காகச் செய்ய ஒரு வாட்ஸ்அப் எண்ணும் இரண்டு முச்சக்கரவண்டியும் போதும். காசு முன்கூட்டியே வந்துவிடும், வாடிக்கையாளர் உங்கள் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.

எங்கே விற்பது

வாட்ஸ்அப், பேஸ்புக், டராஸ் போன்ற சந்தை, சொந்த இணையத்தளம். இவற்றை ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். எண்கள் விளங்குவதற்காக நான் வைத்தவை, உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு பொதி தேயிலை 1,500 ரூபாய். தூளும் பொதியும் சேர்த்து அடக்கம் 1,000. பத்துப் பேர் கேட்கிறார்கள், எல்லோரும் பொருள் வந்த பிறகு காசு தருபவர்கள். இரண்டு பார்சல் திரும்பி வருகிறது. விற்ற எட்டில் மிச்சம் 4,000. திரும்பிய இரண்டுக்கும் கூரியர் செலவு 400 வீதம் 800 போனால் 3,200. சந்தைத் தளம் நூற்றுக்குப் பத்து கொமிஷன் எடுத்தால் எட்டுப் பொதிக்கு 1,200 போகும், 2,000 நிற்கும். ஒரு ஓடருக்கு 150 ரூபாய் விளம்பரச் செலவு என்றால் 1,500 போய், கடைசியில் கையில் 500. பத்துப் பொதி கட்டி, முத்திரை ஒட்டி, டவுணுக்குச் சுமந்து போனதற்குக் கூலி 500 ரூபாய். அதுவும் கூரியர் நிறுவனம் காசைக் கணக்கில் போடும் வரை காத்திருக்க வேண்டும்.

அதே பத்துப் பேரில் ஐந்து பேர் முன்பு வாங்கியவர்கள், வாட்ஸ்அப்பில் நேரே கேட்டு வங்கிக்கு முன்பணம் போடுகிறார்கள் என்றால் அந்த ஐந்தில் மட்டும் 2,500 மிஞ்சும். கொமிஷன் இல்லை, விளம்பரம் இல்லை, திரும்பி வருவதும் இல்லை. வளர்ச்சி என்று நான் சொல்வது இந்தப் பழைய வாடிக்கையாளர் எண்ணிக்கை கூடுவதை. பேஸ்புக் பக்கத்தின் லைக் எண்ணிக்கையை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

ஆகவே டராஸ் வேண்டாமா என்றால், வேண்டும். 2018ல் அலிபாபா வாங்கிய பிறகு நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் ஆட்களுக்குப் பழகிய சந்தை அது, உங்களைத் தெரியாத ஆள் அங்கேதான் முதலில் வருவார். அங்கே பெரிய இலாபம் தேடாமல், புது ஆளைப் பிடிக்கும் இடமாக ஓரிரு பொருளை மட்டும் வையுங்கள். தளத்தின் விதிக்குள் நின்று பொருளையும் பொதியையும் உங்கள் பேர் மனதில் நிற்கும்படி செய்யுங்கள்.

சொந்த இணையத்தளம் அடுத்த படி. பேஹியர் போன்ற உள்நாட்டுக் கட்டண வாயிலை இணைத்தால் வெளிநாட்டு அட்டையிலும் காசு வாங்கலாம். மாதத்துக்கு ஐம்பது பழைய வாடிக்கையாளராவது திரும்ப வாங்கும் நிலைக்கு வரும்வரை அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆப் அதைவிடவும் பின்னால். தோட்டத்துப் போன்களில் இடமும் டேட்டாவும் குறைவு, வாட்ஸ்அப் ஏற்கெனவே இருக்கிறது.

யார் பணத்தில் வளர்வது

இதற்குத் தமிழ்நாட்டிலேயே இரண்டு முன்னுதாரணம் இருக்கிறது. ஸ்ரீதர் வேம்பு தம்மோடு சேர்ந்தவர்களுடன் 1996ல் தொடங்கிய நிறுவனம் 2009ல் சோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. வெளி முதலீட்டாளரை நம்பாமல், வந்த இலாபத்திலேயே வளர்ந்தது. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்து, கிராமத்துப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்தது. அதே சோஹோவில் வேலை பார்த்த கிரீஷ் மாத்ருபூதம் 2010ல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர் பணத்தில் வேகமாக வளர்ந்து, தலைமையகத்தை கலிபோர்னியாவில் வைத்து, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. இரண்டுமே வென்றவை. முடிவெடுக்க யாரைக் கேட்க வேண்டும் என்பதில்தான் இரண்டும் வேறுபடுகின்றன.

சில தொழில்களுக்கு வெளிப் பணம் இல்லாமல் முடியாது. பிக்மி போன்ற வாடகை வண்டிச் சேவைக்குச் சாரதியும் பயணியும் ஒரே நேரத்தில் வேண்டும், ஒருவர் இல்லாமல் மற்றவர் வரமாட்டார், இரண்டு பக்கத்தையும் சேர்க்கும் வரை நட்டத்தைத் தாங்க வேண்டும். உங்கள் தொழில் அப்படிப்பட்டதா என்று பாருங்கள். தேயிலையும் பரிசுப் பார்சலும் கணினி வேலையும் அப்படிப்பட்டவை அல்ல.

கடனைப் பற்றி மனம் நொந்தே எழுத வேண்டியிருக்கிறது. ஹட்டன் நஷனல் வங்கியின் வேர் 1888ல் ஹட்டன் நகரில் தோட்டங்களின் தேவைக்காகத் தொடங்கிய வங்கியில் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்த பணம் ஒரு பெரிய வங்கியாகவே வளர்ந்தது. ஆனால் அந்தத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழும் பெரும்பாலான குடும்பங்களிடம் ஈடு வைக்க ஒரு காணி உறுதி கிடையாது. அதனால் நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது நகை அடகும் வட்டிக் கடனும். அடகு வைத்தே ஆகவேண்டுமானால் ஏற்கெனவே ஓடர் வந்த சரக்கை வாங்குவதற்கு மட்டும் வையுங்கள், அந்தக் காசு சில வாரத்தில் திரும்பிவிடும். இணையத்தளம் செய்யவும் விளம்பரம் போடவும் அம்மாவின் தோட்டை அடகு வைக்கக்கூடாது.

கொழும்புக்குப் போவதா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. கணினி வேலையென்றால் நல்ல இணைப்புக் கிடைக்கும் டவுணில் ஓர் அறை போதும், பவர் பேக் ஒன்று அவசியம். 2022ல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தோட்டச் சேவையென்றால் இங்கேயே இருங்கள், கொழும்புக்குப் போனால், லயங்களைத் தெரிந்திருப்பது என்ற உங்கள் முதல் இங்கேயே தங்கிவிடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு வேலை. உங்களிடம் ஒரு தடவையாவது வாங்கிய அத்தனை பேரின் பெயரையும் எண்ணையும் அவர்கள் சம்மதத்தோடு ஒரு கொப்பியிலும் ஒரு கோப்பிலும் எழுதி வையுங்கள். அடுத்து கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்துக்குப் போய் வியாபாரப் பெயரைப் பதியுங்கள். வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் கட்டண வாயில் எடுக்கவும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். பெயர் உங்களுடையதாகவே இருக்கட்டும்.