தொட்டறியும் யந்திரக் கை

மேற்கிலிருந்து ரயிலில் சென்னைக்கு வருவோர், பெரம்பூரையும் பேசின் பாலத்தையும் கடந்து யானைக்கவுனி வழியாகவே சென்ட்ரல் நிலையத்தை அடைகின்றனர். யானைக்கவுனிக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என விரியும் தொழில் வட்டாரத்திலும், மேற்கே பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும், இரும்பை இரும்போடு பற்றவைக்கும் வெல்டிங் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டு வந்துள்ளது. அக்குடும்பங்களுள் பல நமது கிராமங்களிலிருந்து சென்றவை. இன்று ரயில் பெட்டியின் பாரத்தைத் தாங்கும் போகிச் சட்டங்களைப் பற்றவைக்க யந்திரக் கைகளும் அமர்த்தப்பட்டுள்ளன. ‘ரோபோ’ என வழங்கும் இக்கை எவ்வாறு வேலை செய்கிறது, நம் இளைஞர்களுக்கு இதனால் நேர்வது யாது என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

யந்திரக் கைக்கு ஒரு முறை வழி காட்டிவிட்டால் அதே வழியில் ஆயிரம் முறையும் பிசகாமல் செல்லும். அதன் குறையும் அதுவே. தகட்டை வெட்டும்போதோ, வளைக்கும்போதோ, பிடிப்பானில் வைக்கும்போதோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு ஏற்படுவது இயல்பு. கைத்தொழிலாளி அதைக் கண்ணால் கண்டு கையைச் சற்றே நகர்த்திக்கொள்வார். கண்ணில்லாத யந்திரமோ பழைய இடத்திலேயே உலோகத்தை உருக்கி ஊற்றும். மேலே பார்க்க இணைப்பு நன்றாகவே தோன்றும். அடியில் இரு தகடுகளும் ஒட்டியிரா. பாரம் ஏறும் நாளில் அவ்விடமே முறியும். ரயில் பெட்டியானாலும், நெல் மூட்டை ஏற்றும் டிராக்டர் டிரெயிலரானாலும் இதில் வேற்றுமையில்லை.

இக்குறையைப் போக்கும் முறைகளுள் ஒன்று ‘தொட்டறிதல்’. இதன் தத்துவம் விவசாயிகளுக்குப் புதியதன்று. ஆழ்குழாய்க் கிணற்றில் நீர்மட்டம் காண மின்கம்பியை உள்ளே இறக்குகிறோம். நுனி நீரைத் தொட்டவுடன் மின்சுற்று நிறைவு பெற்று, மேலே விளக்கு எரிகிறது. எத்தனை அடி கம்பி இறங்கியது என்று பார்த்து மட்டத்தை அறிகிறோம். யந்திரக் கையும் இதையே செய்கிறது. பற்றவைக்கும் கம்பியே அதற்கு விரல். கம்பி உருகாத அளவுக்குச் சொற்ப மின்சாரத்தை அதில் செலுத்திக்கொண்டு, கை மெதுவாகத் தகட்டை நோக்கி நகர்கிறது. நுனி பட்டதும் மின்னழுத்தம் சட்டென்று விழுகிறது. அக்கணமே கை நின்று, அந்த இடத்தைக் குறித்துக்கொள்கிறது.

ஓர் உதாரணம் காண்போம். படுக்கைத் தகட்டின் மேல் ஒரு தகடு செங்குத்தாக நிற்கிறது. கை முதலில் கீழ்த் தகட்டைத் தொடுகிறது. பின்னர் நிற்கும் தகட்டைத் தொடுகிறது. இரண்டும் கூடும் மூலையே இணைப்பு. நிற்கும் தகடு 300 மில்லிமீட்டரில் இருக்க வேண்டும் என்று கற்பித்திருக்க, 303இல் தொட்டதானால், கை தன் வழி முழுவதையும் 3 மில்லிமீட்டர் நகர்த்திக்கொள்ளும். தகடு கோணலாக நிற்கக்கூடும் என்றால் இரு முனைகளிலும் தொட்டுப் பார்த்து, வழியையும் அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளும்.

இம்முறை பலிக்கச் சில நியமங்கள் உண்டு. தொடுவதற்கு முன் கம்பி நுனியை ஒரே நீளத்தில் வெட்டிக்கொள்ள வேண்டும். நீளம் மாறினால் அளவும் மாறும். தொடும் இடத்தில் துருவோ, பெயிண்டோ, எண்ணெய்ப் பிசுக்கோ இருத்தலாகாது. இருந்தால் மின்சுற்று நிறைவு பெறாது. மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இணைப்பில், தொடுவதற்குப் போதிய விளிம்பு இராது. ஒவ்வொரு தொடுதலுக்கும் சில வினாடிகள் செலவாகும். ஆகவே கனத்த தகடுகளாலான பெரிய சட்டங்களுக்கே இது மிகவும் ஏற்றது. மேலும், வேலை தொடங்கியபின் வெப்பத்தால் தகடு வளைந்தால் தொட்டறிதல் அதைக் காணாது. அதற்கு வேறு முறை வேண்டும்.

இவற்றை நோக்கின் ஓர் உண்மை விளங்கும். வெட்டைச் சரியாக வெட்டி, துருவை நீக்கி, தகட்டை ஒழுங்காகப் பொருத்தும் மனிதர் இல்லையேல் யந்திரக் கை பயனற்றது. எங்கே தொட வேண்டும் என்று அதற்குக் கற்பிப்பவரும், இணைப்பின் இயல்பறிந்த பற்றவைப்பாளராகவே இருத்தல் வேண்டும். ஒரே மாதிரியான பொருளை நூற்றுக்கணக்கில் செய்யுமிடத்தில்தான் யந்திரத்திற்கு ஆதாயம். முறிந்த கலப்பையும் விரிசல் கண்ட மோட்டார் தாங்கியும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அவற்றிற்குக் கிராமப் பட்டறையின் கைத்திறனே தேவை. ஆனால் தொழிற்சாலையில் நேர்க்கோட்டுப் பற்றவைப்பை மட்டும் அறிந்தவருக்கு இடம் குறையும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

எனவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவர் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு பற்றவைப்புப் பயிற்சி பெறலாம். தமிழக அரசு 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை நவீனத் தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தியுள்ளது. அவற்றில் ரோபோப் பயிற்சியும் உண்டு. மேற்பயிற்சிக்குத் திருச்சிராப்பள்ளியில் பாரத மிகுமின் நிறுவனத்தின் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் 1975ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. கைத்தொழிலை முதலிலும் யந்திரத்தை அடுத்தும் கற்பதே சரியான வரிசை. மே 1ஆம் நாள் கூடும் கிராம சபையில் இச்செய்தியைப் படித்துக் காட்டி, தகுதியுள்ள பிள்ளைகளின் பெயர்களை அன்றே குறித்துக்கொண்டு, சேர்க்கை தொடங்கியதும் விண்ணப்பம் போடச் செய்வது உறுப்பினர்களின் கடமையாகும்.