கலைக்கல்லூரியில் இடத்தைப் படிப்பது எப்படி?

ஓர் அறை, ஒரு தெருமுனை, மூடிக்கிடக்கும் ஆலை, பேருந்து நிலையத்தின் யாரும் கவனிக்காத மூலை. இவற்றையே தங்கள் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டு வேலை செய்யும் கலைஞர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதை ‘ஸ்பேஷியல் பிராக்டிஸ்’ என்கிறார்கள். இன்ஸ்டலேஷன் எனப்படும் நிர்மாணக் கலை, குறிப்பிட்ட இடத்துக்கென்றே செய்யும் சிற்பம், பொதுவெளியில் நடத்தும் நிகழ்வு, கட்டடக் கலையை ஒட்டிய வேலைகள் என எல்லாம் இதற்குள் வரும். பிளஸ் டூ முடித்தோ, பி.எஃப்.ஏ. முடித்தோ இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: என்ன செய்வது என்று முடிவு கட்டிவிட்டு இடம் தேடாதீர்கள். இடத்தோடு பழகுங்கள், என்ன செய்வது என்பது அதன் பிறகு தெரியும்.

விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்குங்கள்

வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ரேஷன் கடைத் திண்ணை, குளத்துப் படிக்கட்டு, மேம்பாலத்தின் அடி, எதுவானாலும் சரி. சென்னையில் இருப்பவர்களுக்குப் பறக்கும் ரயில் நிலையங்களின் கீழ்த்தளங்கள் இருக்கின்றன. அவ்வளவு பெரிய, அவ்வளவு காலியான கட்டடங்கள் மாணவருக்குக் கிடைத்த வரம்.

அங்கே காலை ஆறு மணிக்கு ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, விளக்கு வைத்த பிறகு ஒருமுறை போங்கள். மழை நாளில் கட்டாயம் போங்கள். நிழல் எங்கிருந்து எங்கே நகர்கிறது, யார் எங்கே உட்காருகிறார்கள், எந்தத் தூண் முதுகுகள் சாய்ந்து சாய்ந்து மழமழவென்று ஆகியிருக்கிறது, எங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், எந்த வாசலைப் பெண்கள் தவிர்க்கிறார்கள் என்பதையெல்லாம் நோட்டில் எழுதுங்கள். கேமராவைக் கடைசியில் எடுங்கள். படம் எடுத்துவிட்டால் பார்த்துவிட்டதாக மனம் நம்பிவிடும்.

பிறகு அளவெடுங்கள். ஐந்து மீட்டர் டேப் போதும், அதுவும் இல்லாவிட்டால் உங்கள் காலடி. தரையைப் பார்த்து வரையும் பிளான் ஒன்று, இடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதுபோல் வரையும் செக்‌ஷன் ஒன்று, இரண்டும் வேண்டும். மாணவர்கள் பலர் பிளானோடு நிறுத்திவிடுகிறார்கள். மனிதர் எப்படி நடக்கிறார் என்பதைப் பிளான் காட்டும். கூரை தலையை அழுத்துகிறதா, வெளிச்சம் எந்த உயரத்திலிருந்து விழுகிறது, குரல் எங்கே மோதித் திரும்பும் என்பதெல்லாம் செக்‌ஷனில்தான் தெரியவரும். வரைந்ததை 1:50 அளவில் அட்டை மாதிரியாகச் செய்துபாருங்கள். ஐந்து மீட்டர் சுவர் பத்து சென்டிமீட்டர் ஆகும். சராசரி உயரமுள்ள மனிதர் மூன்றேகால் சென்டிமீட்டர் ஆவார். அந்தச் சின்ன அட்டை மனிதரை வெட்டி உள்ளே நிறுத்த மறக்காதீர்கள். அவர் இல்லாத மாதிரி எந்த அளவையும் சொல்லாது.

எங்கே சேர்வது?

இந்தியாவில் இந்தப் பெயரில் தனித்துறையைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. அதனால் சோர்ந்துபோக வேண்டாம். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளிலோ, 1950-இல் தொடங்கிய பரோடா நுண்கலைப் புலத்திலோ, 1919-இல் தொடங்கிய சாந்திநிகேதன் கலா பவனத்திலோ ஓவியமோ சிற்பமோ படித்துக்கொண்டே இந்தப் பாதைக்கு வரலாம். கர்நாடகத்தில் பிறந்த ஷீலா கௌடா ஓவியம் படித்தவர்தான். 1990-களில் மாட்டுச்சாணத்தைக் கையிலெடுத்துச் சட்டகத்தை விட்டு வெளியே வந்தார். அவருடைய ‘பிஹோல்ட்’ 2009-இல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. மனித முடியால் திரித்த சுமார் நான்கு கிலோமீட்டர் கயிறும் கார் பம்பர்களும் அதில் இருந்தன. திருஷ்டிக்காக நம் ஊர் வண்டிகளில் கட்டும் அதே முடிக்கயிறு.

ஆகவே துறையின் பெயரைப் பார்க்காமல் வேறு சிலவற்றை விசாரியுங்கள். மரவேலை, உலோகப் பட்டறைகள் எல்லாத் துறை மாணவருக்கும் திறந்திருக்கிறதா? கல்லூரிக்கு வெளியே வேலை செய்ய விடுகிறார்களா? ஆண்டு இறுதி டிஸ்பிளேயில் சுவரில் மாட்டாத வேலைகள் எத்தனை? இதற்கெல்லாம் சீனியர்கள் சொல்லும் பதில்தான் நம்பத்தக்கது.

வெளிநாடு என்றால் கிளாஸ்கோ கலைப்பள்ளியின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. டேவிட் ஹார்டிங் 1985-இல் அங்கே ‘என்விரான்மென்டல் ஆர்ட்’ துறையைத் தொடங்கினார். அதற்கு முன் கிளென்ராத்தஸ் என்ற புதுநகரத்தில் நகரக் கலைஞராகப் பணியாற்றியவர். மாணவர் நகரத்துக்குள் போய், தானே ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கு உரியவரிடம் பேசி அனுமதி வாங்கி, அங்கே வேலையைச் செய்ய வேண்டும் என்பது அந்தப் படிப்பின் உயிர்நாடி. டர்னர் பரிசு பெற்ற டக்ளஸ் கார்டனும் மார்ட்டின் பாய்ஸும் அந்தத் துறையில் படித்தவர்கள். இடத்தை ஆராய்ச்சியாக, சான்றாகப் படிக்க விரும்புவோருக்கு லண்டன் கோல்ட்ஸ்மித்ஸில் எயால் வைஸ்மன் 2005-இல் நிறுவிய ரிசர்ச் ஆர்க்கிடெக்சர் மையம் பொருந்தும். வெளிநாட்டு மாணவருக்கான கட்டணம் உள்ளூர் மாணவர் கட்டணத்தைவிட மிக அதிகம். உதவித்தொகைக்கு வழி பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள்.

போர்ட்ஃபோலியோவில் முடிந்த வேலைகளை மட்டும் அடுக்க வேண்டாம். மேலே சொன்ன ஒரே இடத்தின் நோட்டு, பிளான், செக்‌ஷன், மாதிரி, தோற்றுப்போன முயற்சிகள் ஆகியவை பத்துப் பக்கம் இருக்கட்டும். தேர்வாளர்கள் தேடுவது அதைத்தான்.

வாசிப்பும் பார்வையும்

பிரையன் ஓடோஹர்ட்டி 1976-இல் எழுதிய வெள்ளைக் காட்சியறை பற்றிய கட்டுரைகளில் தொடங்குங்கள், எளிதாகப் பிடிபடும். அடுத்து ரோசலிண்ட் க்ராஸ் 1979-இல் எழுதிய விரிந்த சிற்பக்களம் பற்றிய கட்டுரை. இடம் பற்றிய ஹென்றி லெஃபெவ்ரின் பெரிய நூலை (பிரெஞ்சில் 1974, ஆங்கிலத்தில் 1991) முதலாண்டிலேயே முழுதாகப் படிக்க முயன்று மனம் உடைய வேண்டாம். முதல் அத்தியாயம் போதும். நேரில் பார்க்கக் கொச்சி-முசிறி பியனாலே இருக்கிறது. 2012-இல் நடந்த முதல் பியனாலேயில் விவான் சுந்தரம், கொச்சிக்கு அருகிலுள்ள பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த ஓட்டுச்சில்லுகளைக் கொண்டே ‘பிளாக் கோல்ட்’ என்ற வேலையைச் செய்தார். அந்த மண்ணில் கிடைத்த பொருளை அந்த மண்ணிலேயே வைத்துப் பார்ப்பது எப்படி என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அனுமதி, எடை, மனிதர்கள்

இந்தப் படிப்பில் மிகக் கடினமான பகுதி இதுதான். முதலில் இடம் யாருடையது என்று கண்டுபிடியுங்கள். மாநகராட்சியா, ரயில்வேயா, அறநிலையத் துறையா, தனியாரா? என்ன செய்யப்போகிறீர்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யார் பொறுப்பு, யார் அகற்றுவார் என்பதை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, கையால் வரைந்த படம் ஒன்றையும் இணைத்து, துறைத் தலைவரின் கையெழுத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மின்னஞ்சலை நம்பிக் காத்திருக்காதீர்கள். காவலாளியிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் தனியாகப் பேசுங்கள். அந்த இடத்தின் நடைமுறை முழுதும் தெரிந்தவர்கள் அவர்கள்.

எடையைக் கணக்கிடுங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஆயிரம் கிலோ. மணல் ஏறத்தாழ 1,600 கிலோ. மாடி அறையில் மணல் நிரப்பும் யோசனை வந்தால் பொறியாளர் ஒருவரிடம் கேட்காமல் ஒரு வாளிகூடக் கொட்டாதீர்கள். வெளியேறும் வழியை மறிக்கக் கூடாது, சக்கர நாற்காலி நுழைய வேண்டும், மின்கம்பி தரையில் கிடக்கக் கூடாது.

மனிதர்கள் விஷயத்தில் சிற்பி ரிச்சர்ட் சேராவின் ‘டில்டட் ஆர்க்’ எல்லோரும் படிக்க வேண்டிய வழக்கு. நியூயார்க்கின் ஃபெடரல் பிளாசாவில் 1981-இல் நிறுத்தப்பட்ட, 36 மீட்டர் நீள எஃகுச் சுவர் அது. அங்கே வேலைக்குப் போவோர் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. எதிர்ப்பு கிளம்பி, பொது விசாரணை நடந்து, 1989-இல் அகற்றப்பட்டது. இடத்துக்கென்றே செய்ததை இடம் மாற்றினால் அது அழிந்துவிடும் என்று சேரா வாதாடினார். அது உண்மைதான். ஆனால் அந்தச் சதுக்கத்தைத் தினமும் கடப்பவர்களும் அந்த இடத்தின் பகுதிதான். அவர்களை விட்டுவிட்டு எடுத்த அளவு தப்பான அளவு என்பது என் கட்சி.

ஜூரியும் ஆவணமும்

உங்கள் வேலையை மதிப்பிடும் ஜூரி நாளில் நீங்கள் முதலில் பேசாதீர்கள். வந்தவர்களை ஐந்து நிமிடம் சும்மா நடக்க விடுங்கள். யார் எங்கே நின்றார், எங்கே தயங்கினார், எதைத் தொட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லும் விமர்சனத்தைவிட அவர்கள் கால்கள் சொல்வது பயன்படும்.

ரேச்சல் வைட்ரீட் கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் உட்புறத்தைக் கான்கிரீட்டில் வார்த்தெடுத்த ‘ஹவுஸ்’, 1993 அக்டோபரில் முடிந்து 1994 ஜனவரியில் இடிக்கப்பட்டது. இன்று நாம் அதைப் படிப்பது படங்கள் வழியாகத்தான். உங்கள் வேலையும் ஒரு வாரத்தில் கலைந்துவிடும் என்பதால் ஒரே புள்ளியிலிருந்து, கண் உயரத்தில், முன்பும் நடுவிலும் பின்பும் படம் எடுங்கள். ஆளில்லாத படம் மட்டும் வேண்டாம், அளவு தெரியாது. ஒலியைத் தனியாகப் பதியுங்கள்.

வேலை முடிந்ததும் ஆணித்துளையை அடைத்து, தரையைக் கழுவி, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுங்கள். படங்களில் ஒரு பிரதியை அனுமதி தந்தவருக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியர் ஒருவர் அதே கதவைத் தட்டவேண்டியிருக்கும்.