அரிசி ஆலைத் தூசியும் காற்றின் போக்கும்

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைகள் முடிந்ததும் அரிசி ஆலைகளில் வேலை மிகுவதை யாவரும் அறிவர். அப்பொழுது நெல் கொட்டுமிடத்திலும், சல்லடையிலும், உமி விழுமிடத்திலும் தூசி எழுகிறது. உமித் துகள் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். நெடுநாள் சுவாசிப்போருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாகும். அங்கு உழைப்போர் நம் ஊராரே. ஆதலின், இது ஊராட்சி மன்றத்தாரும் கருத வேண்டிய பொருளாகும்.

தூசியை அகற்ற விசிறியுடன் கூடிய உறிஞ்சு குழாய் அமைப்பதுண்டு. விசிறி பெரிதாயின் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். காற்றின் இயல்பு வேறு. ஊதுகுழலால் அடுப்பைச் சற்று எட்ட நின்றும் ஊதலாம். அதே குழலால் உறிஞ்சினால் எட்டக் கிடக்கும் சாம்பல் அசையாது. உறிஞ்சும் வாய் எல்லாப் பக்கங்களிலிருந்தும் காற்றை இழுப்பதே காரணம். வாயின் குறுக்களவுக்குச் சமமான தொலைவிலேயே காற்றின் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகிவிடும்.

1930-களில் அமெரிக்க அறிஞர் டல்லாவல் இதனை அளந்து ஒரு கணக்கு வகுத்தார். தொலைவை அதே தொலைவால் பெருக்கி, அதைப் பத்து மடங்காக்கி, வாயின் பரப்பைக் கூட்டி, தூசி எழுமிடத்தில் வேண்டும் வேகத்தால் பெருக்குக. விசிறி வினாடிதோறும் இழுக்க வேண்டிய காற்றின் அளவு கிடைக்கும். பரப்பு 0.1 சதுர மீட்டர், வேகம் வினாடிக்கு 1 மீட்டர் எனக் கொண்டால்:

தொலைவு 10 செ.மீ. – 0.2 கன மீட்டர்
தொலைவு 20 செ.மீ. – 0.5 கன மீட்டர்
தொலைவு 40 செ.மீ. – 1.7 கன மீட்டர்

தொலைவு நான்கு மடங்கானால் காற்று எட்டு மடங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது. அத்தனையும் மின்கட்டணமாகும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவும், உறிஞ்சு கருவியைத் தூசி பிறக்குமிடத்திற்கு இயன்ற அளவு அருகில் அமைத்து, அவ்விடத்தை இயன்றவரை மூட வேண்டும் என்றே விதித்தது.

செய்யத்தக்கவை வருமாறு:

1. குழாயின் வாயைத் தூசி எழுமிடத்திற்கு அருகே கொணர்க.
2. வேலைக்கு இடையூறின்றிப் பக்கங்களைத் தகட்டால் அடைக்க.
3. வாயைச் சுற்றி அகன்ற விளிம்பு பொருத்துக. வேண்டிய காற்று ஏறத்தாழக் கால் பங்கு குறையும்.
4. குச்சி நுனியில் மெல்லிய பஞ்சிழை கட்டி, தூசி எழுமிடத்தில் பிடித்துப் பார்க்க. அது வாயை நோக்கிச் சாயாவிடில் தூசியும் அங்கே செல்லாது.
5. இழுத்த தூசியை அண்டை வயலிலோ குளத்திலோ விடாது, சைக்ளோன் கலத்தில் பிரித்துச் சேர்க்க.

ஆலையைப் பார்வையிடும் உறுப்பினர்கள் விசிறியின் குதிரைத்திறனைக் கேட்குமுன், தூசிக்கும் குழாய் வாய்க்கும் உள்ள தொலைவை அளந்து பார்ப்பார்களாக. விசிறியை மாற்றாமலே, சில தகடுகளின் செலவில், உழைப்போரின் மூச்சைக் காக்க இயலும்.