ஊசிக்குப் பின்னும் உள்ள கடமை

உப்பிலியபுரம்

அன்பு மகளுக்குப் பெரியம்மாவின் ஆசீர்வாதம்.

ஹெச்.பி.வி. தடுப்பூசியில் இரண்டு தவணை முடிந்து, மூன்றாவதற்கு முன்பே தை மாதத்தில் விவாகம் நிச்சயமாகியிருக்க, "ஊசிக்குப் பின் தாம்பத்தியத்திலிருந்து விலகியிருக்க வேண்டுமா?" என்று உன் தாயிடம் கேட்கக் கூசி எனக்கு எழுதியிருக்கிறாய். இதில் லஜ்ஜைக்கு இடமே இல்லை. பச்சைமலை அடிவாரத்துக் கிராமங்களில் செவிலியாக உழைத்தவள் என்ற உரிமையோடு விடை சொல்கிறேன்.

விலகியிருக்க அவசியமில்லை. அம்மருந்தில் உயிருள்ள கிருமி கிடையாது. ஆகவே ஊசியால் எவருக்கும் எதுவும் தொற்றாது. கைவலியும் லேசான ஜுரமும் ஓரிரு நாளில் தணியும். ஆனால் முதல் ஊசியிலிருந்து 6-ஆம் மாதத்தில் வரும் மூன்றாம் தவணையைக் கல்யாணச் சந்தடியில் விட்டுவிடாதே; இடையே கர்ப்பம் தரித்தால் பிரசவத்துக்குப் பின் அந்த ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டால் போதும்.

2023-இல் பூனாவின் சீரம் நிறுவனம் வெளிக்கொணர்ந்த செர்வாவேக், நீ போட்டுக்கொண்ட மருந்து. கருப்பைவாய்ப் புற்றுநோயில் நூற்றுக்கு 70 பங்குக்குக் காரணமான 16, 18 என்னும் ஹெச்.பி.வி. வைரஸ் வகைகளை அது தடுக்கும். எஞ்சிய வகைகள் பலவற்றை அது தடுக்காது; முன்னமே உடலில் புகுந்துவிட்ட தொற்றையும் நீக்காது. ஆதலால் 30 வயதானதும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வது உன் கடமை. நீ குடிபுகவிருக்கும் ஸ்ரீரங்கத்துக்கு அருகே திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. அங்கும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதைச் செய்கிறார்கள். கருப்பையின் வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் ஒற்றி, ஒரு நிமிஷம் பொறுத்து, விளக்கொளியில் வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவே. திண்டுக்கல் ஜில்லாவில் பயிற்சி பெற்ற செவிலியர்களே இதைச் செய்து, பரிசோதனை நடவாத கிராமங்களைக் காட்டிலும் இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 பங்கு குறைந்ததென்று 2007-இல் ஆய்வு வெளியாயிற்று. எங்கள் தொழிலுக்கே அது கௌரவம்.

உறவுக்குப் பின் ரத்தக்கசிவோ, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதலோ கண்டால், முப்பது வயதுவரை காத்திராமல் உடனே வைத்தியரிடம் போ. ஆணுறை ஹெச்.பி.வி. தொற்றை முற்றிலும் தடுக்காவிட்டாலும் வெகுவாகக் குறைக்கும். ஊசி தடுக்காத எய்ட்ஸ் முதலிய வியாதிகளினின்றும் காக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் நிறுத்து. ஹெச்.பி.வி. வைரஸ் யாதொரு அறிகுறியுமின்றி வருஷக்கணக்கில் உடலில் தங்கியிருக்கக் கூடியதாகையால், பின்னொரு நாள் பரிசோதனையில் தொற்று தெரிந்தால் அதைக்கொண்டு உன் ஒழுக்கத்தை மாப்பிள்ளையோ, அவர் ஒழுக்கத்தை நீயோ சந்தேகிப்பது அறியாமையேயாகும். அந்தச் சந்தேகத்துக்கு அஞ்சியே வைத்தியத்துக்கு வராமல் வியாதியை முற்றவிட்ட பெண்கள் அநேகர். ஆகவே இக்கடிதத்தை மாப்பிள்ளையிடமும் படிக்கக் கொடு. உன் தேக நலத்தைப் பேணுவதில் அவருக்கும் பங்குண்டு என்பது விவாகத்துக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பெரியம்மா