‘தை 95’ என்று எழுதியிருந்த கசற்

கேள்வி:

அப்பா தவறி இரண்டு வருடமாகிறது. உவர்மலை வீட்டைத் துப்புரவாக்கும்போது பழைய பிஸ்கட் ரின் ஒன்றுக்குள் ஒரு கசற் கிடந்தது. சி-90. மேலே அப்பாவின் கையெழுத்தில் ‘தை 95’ என்று மட்டும் இருக்கிறது. பாட்டுகளின் பெயர் எழுதிய மட்டையைக் காணவில்லை. மேல் விளிம்பில், ஏ பக்கம் என்னைப் பார்க்கப் பிடித்தால் இடது மூலையில், ஒரு சின்னப் பிளாஸ்ரிக் துண்டு உடைந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு அண்ணாவின் ரேப் ரெக்கோடரில் ஒரு தடவை போட்டுக் கேட்டோம். ஏ பக்கத்தில் ‘காதலன்’ முக்காலா, ‘கருத்தம்மா’ சோகப் பாட்டு, சக்ஸபோன் வாசிக்கும் பாட்டு, நாகூர் ஹனிபா, வேறு சில. கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. பி பக்கத்தில் ‘பம்பாய்’, ‘முத்து’, ஒரு சிங்கள பைலா, பிறகு ஒரு ஆங்கிலப் பாட்டு. அதில் ஒருவர் பாடாமல் பேசிக்கொண்டே போக, பின்னால் கோயிலில் பாடுவதுபோல் ஒரு கூட்டம் பாடுகிறது. அந்தப் பாட்டுக்குள் ஒரு குழந்தை சிணுங்கும் சத்தமும் கேட்கிறது. எல்லாம் முடிந்த பிறகு, கடைசி அரை நிமிடம் மட்டும் ஒரு ஆண் குரல். இயக்கப் பாட்டுப் போல இருக்கிறது.

‘தை 95’ என்பது சரிதானா? அந்தக் காலத்தில் எவையெல்லாம் ஹிட் என்று பட்டியல் ஏதும் இருக்கிறதா? சிங்களம் ஒரு வார்த்தையும் பேசாத அப்பா பைலாவை ஏன் பதிந்தார்? இதை ஃபோனில் ஏற்றுவது எப்படி?

– வாசகி ஒருவர், உவர்மலை, திருகோணமலை

பதில்:

அந்த மூலை பழுதாகி உடையவில்லை, பிள்ளை. அப்பாதான் உடைத்திருக்கிறார், அதுவும் யோசித்து.

கசற்றின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு பிளாஸ்ரிக் நாக்கு இருக்கும். ஏ பக்கம் நம்மைப் பார்க்க, ரேப் தெரியும் வாய் கீழே இருக்கப் பிடித்தால், இடது நாக்கு ஏ பக்கத்துக்குக் காவல். அதை உடைத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ரெக்கோட் பொத்தான் அமுங்காது. யாரும் தவறிப்போய் மேலே பதிய முடியாது. (மனம் மாறினால் அந்த ஓட்டையில் செலோரேப் ஒட்டிவிட்டு மறுபடி பதிவோம். நானும் ஒட்டியிருக்கிறேன்.) ஏ பக்கத்தை அப்பா பூட்டிவிட்டார். பி பக்கத்தைத் திறந்தே விட்டிருக்கிறார். ஆகவே ‘தை 95’ ஏ பக்கத்துக்குத்தான் பொருந்தும்.

பாட்டுகளும் அதைத்தான் சொல்கின்றன. அந்தச் சக்ஸபோன் பாட்டு வரும் ‘டூயட்’, ‘காதலன்’, ‘கருத்தம்மா’ மூன்றும் 1994இல் வந்த படங்கள். பி பக்கத்தில் உள்ள ‘முத்து’ 1995 தீபாவளிப் படம். அந்த ஆங்கிலப் பாட்டும் நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் கூலியோவின் ‘கேங்ஸ்ராஸ் பரடைஸ்’. அதுவும் 1995இன் நடுவில் வந்தது. 1996இல் உலகத்தையே பிடித்து ஆட்டிய ‘மக்கரேனா’ உங்கள் கசற்றில் இல்லை. அதே வருடத்து ‘இந்தியன்’, ‘காதல் தேசம்’ பாட்டுகளும் இல்லை. ஆகவே பி பக்கம் 1995 கடைசியில், மிஞ்சினால் 1996 தொடக்கத்தில் பதிந்தது.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் பத்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1995 ஜனவரி 8ஆம் திகதி அரசுக்கும் புலிகளுக்கும் இடையில் சண்டை நிறுத்தம் வந்தது. ஏ பக்கம் அந்தத் தை மாதத்துப் பிள்ளை. ஏப்ரல் 19ஆம் திகதி உங்கள் துறைமுகத்துக்குள்ளேயே சூரயா, ரணசுரு என்ற இரண்டு கடற்படைப் படகுகள் தகர்க்கப்பட்டன. அத்தோடு சண்டை நிறுத்தம் முடிந்தது. பி பக்கம் அதற்குப் பிறகு பதிந்தது. கடைசி அரை நிமிடத்துக்குக் காரணம் தேடினால் இங்கேதான் தேட வேண்டும். பி பக்கத்தில் முதலில் இருந்தது வேறு ஏதோ. புதுவை இரத்தினதுரை எழுதி, எஸ்.ஜி. சாந்தன் போன்றோர் பாடிய இயக்கப் பாட்டுகள் அந்த வருடங்களில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வீதிக்கு வீதி கேட்டவை. திருகோணமலை ரவுணில், சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த ஊரில், அப்படியொரு கசற்றை வீட்டில் வைத்திருப்பது விளையாட்டில்லை. ரஜினியை மேலே பதிந்து மூடியிருக்கிறார். புதிய பதிவு பழையதைவிட அரை நிமிடம் முந்தி முடிந்துவிட்டது, அதனால் வால் மிஞ்சிவிட்டது. தெரியாமல் மிஞ்சியதா, தெரிந்தே விட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

இனிப் பட்டியல். அப்போது தமிழ்ப் பாட்டுக்கு நம்மிடம் பட்டியல் போடுகிறவர் யாருமில்லை. அமெரிக்காவில் பில்போர்ட் சஞ்சிகை கிழமைக்குக் கிழமை எண்ணிக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்ட அந்தக் கூலியோ பாட்டுத்தான் 1995ஆம் வருடப் பட்டியலில் அங்கே முதலாவது. நமக்கு இருந்தது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையும், போஸ்ட் காட்டில் எழுதி அனுப்பும் நேயர் விருப்பமும். சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். இரண்டும் 1998இல்தான் வந்தன. இன்னொரு வேடிக்கை, திருகோணமலைக்கு வடக்கே ஜெர்மன் வானொலியின் மறு ஒலிபரப்பு நிலையம் இருந்தது. 1548 கிலோஹேர்ட்ஸில் 400 கிலோவாட், பெரிய பலம். ஆனால் அது ஜெர்மனியின் செய்தியை ஆசியாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த நாம் கொழும்பு மத்திய அலையின் இரைச்சலுக்குள் பாடகி ஸ்வர்ணலதாவைத் தேடிக்கொண்டிருந்தோம்.

எங்கள் பட்டியல் ரெக்கோடிங் பாரில் இருந்தது. ஒரு கண்ணாடி அலுமாரி, மேசையில் இரண்டு டெக், பக்கத்தில் ஒரு மொனிட்டர் கொப்பி. கொப்பியில் படப் பெயரும் பாட்டும் இலக்கம் போட்டு எழுதியிருக்கும். நாம் வெற்றுக் கசற் ஒன்றையும், இலக்கங்கள் எழுதிய துண்டையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு நாள் கழித்துப் போனால் கிடைக்கும். சி-90 என்றால் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். நாம் எழுதிய பாட்டுகள் 41 நிமிடத்தில் முடிந்தால் மிச்சத்துக்குக் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போடுவார். ரேப் முடியும் இடத்தில் பாட்டும் முடிந்துவிடும். உங்கள் ஏ பக்கத்துக் கடைசிப் பாட்டு பாதியில் நிற்பது அதனால்தான். அந்தப் பாட்டு அப்பா கேட்டதல்ல, கடைக்காரர் கொடுத்தது. நான் போய்வந்த கடையில் கொப்பியைப் புரட்டினாலே எது ஹிட் என்று தெரிந்துவிடும். ஆட்கள் விரல் வைத்து விரல் வைத்து, சில இலக்கங்களுக்கு நேரே தாள் கறுத்துப்போயிருக்கும். 1995இல் ‘காதலன்’ பக்கம் முழுவதும் அப்படித்தான். ‘பாட்ஷா’வில் ஓட்டோப் பாட்டு இருந்த வரி கிழிந்தே போய், பின்னால் தாள் ஒட்டியிருந்தார்கள்.

உங்கள் கசற்றில் எனக்கு மிகவும் பிடித்தது முதல் இரண்டு பாட்டும் அடுத்தடுத்து இருப்பது. முக்காலாவை மனோவோடு பாடியவர் ஸ்வர்ணலதா. ‘கருத்தம்மா’வில் அழவைப்பவரும் அவரேதான். அதற்காகத்தான் அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. இரண்டுக்கும் இசை ஏ.ஆர். ரஹ்மான், இரண்டும் ஒரே வருடம். ஒன்றில் கௌபோய்த் தொப்பியும் மேற்கத்தியத் தாளமும், மற்றதில் வறண்ட கிராமத்துப் பாட்டு. வகை என்று நாம் கோடு போட்டுப் பிரிக்கிறோம், அந்தக் குரலுக்கு அப்படியொரு கோடு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் 2010இல், இன்னும் பாட எவ்வளவோ வயது இருக்கும்போதே, போய்விட்டார்.

சக்ஸபோன் பாட்டு ‘டூயட்’. வாசித்தவர் கத்ரி கோபால்நாத். அவருடைய தகப்பனார் நாதஸ்வர வித்துவான். மகன் மைசூர் அரண்மனை பாண்டில் சக்ஸபோனைக் கேட்டு, அந்த வாத்தியத்தில் கர்நாடக இசையைப் பிடிக்கப் பல வருடம் மல்லுக்கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள், கமகம் வளைகிற இடத்தில் கோணேசர் கோயில் வீதியில் நிற்பதுபோல் இருக்கும். அந்தப் பாட்டை ‘வெஸ்டேர்ன்’ என்று அடம்பிடித்தவர்களோடு நான் சண்டையே பிடித்திருக்கிறேன்.

ஹனிபாவின் இஸ்லாமியப் பாட்டுகளைப் பற்றித் திருகோணமலைக்காரியான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிண்ணியாவுக்குப் பாலம் இல்லாமல் பாதைப் படகில் ஏறிக் கடந்த காலத்தில், அக்கரைக் கலியாண வீட்டு லவுட்ஸ்பீக்கர் தண்ணீர் மேல் மிதந்துவந்து நம்மைக் கூப்பிடும். அந்தக் குரலுக்குச் சமயம் பார்த்துக் காது கொடுத்தவர் யார்?

பைலாவுக்கு வருகிறேன். சிங்களம் தெரியாதவர் பைலா கேட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை. பைலா காலுக்குப் புரிகிற பாட்டு. ஆறு எண்ணிக்கையில் ஓடும் தாளம், நம் வாய்ப்பாட்டில் சொன்னால் தகிட தகிட. அது போர்த்துக்கேயர் காலத்துக் கஃப்ரிஞ்ஞாவின் வழி வந்தது. அந்தக் கஃப்ரிஞ்ஞாவை வயலினோடு கலியாண வீட்டில் ஆடுகிற பறங்கியர் உங்கள் பாலையூற்றிலேயே இருக்கிறார்கள். கொழும்பில் வொலி பஸ்தியன் அதைச் சிங்களத்தில் மேடையேற்றினார், எம்.எஸ். பெர்னாண்டோ பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோனார். ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைப் பாடித் தமிழ்நாடு வரை அனுப்பினார். திருகோணமலைக்காரரான பரமேஸ், கோணேஸ் சகோதரர்கள் கிற்றாரோடு தமிழில் பொப் பாடியதும் இதே காற்றில்தான். ஆகவே அப்பா அந்நியர் பாட்டைப் பதியவில்லை. தன் ஊரில் பாலையூற்றுப் பக்கத்துக் கலியாணத்தில் கேட்ட தாளத்தைப் பதிந்திருக்கிறார்.

ஆங்கிலப் பாட்டில் குழந்தைச் சத்தம் கேட்கிறது என்றால், அது கடையில் பதிந்ததல்ல. வயர் போட்டுப் பதிந்தால் வீட்டுச் சத்தம் வராது. ரேடியோவையோ இன்னொரு ரெக்கோடரையோ முன்னால் வைத்து, ரேப் ரெக்கோடரின் சொந்த மைக்கில் பிடித்திருக்கிறார். ‘எல்லாரும் சத்தம் போடாமல் இருங்கோ’ என்று வீட்டையே அடக்கிவிட்டு, நாங்களும் அப்படித்தான் பதிவோம். பெரியவர்கள் அடங்குவார்கள், தொட்டிலில் கிடப்பது அடங்குமா? நீங்கள் பிறந்த வருடத்தைக் கடிதத்தில் எழுதவில்லை. அந்தக் குழந்தை யார் என்பதையும் அம்மாவிடமே கேட்டுக்கொள்ளுங்கள். (கூலியோவும் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. அந்தப் பாட்டின் அத்திவாரம் ஸ்டீவி வொண்டர் 1976இல் போட்டது.)

இப்போது வேலைக்கு வருவோம். இன்னொரு தடவை அந்தக் கசற்றைச் சும்மா போட்டுக் கேட்க வேண்டாம். சி-90 ரேப், சி-60ஐ விட மெல்லியது. ஒரு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட 130 மீற்றர் நீளம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் சுற்றியிருக்கிறது. முப்பது வருடம் உப்புக் காற்றில் கிடந்ததை ஃபாஸ்ட் ஃபோர்வர்ட் போட்டால் இழுபட்டு, பாட்டு அழுவதுபோல் கேட்கும். முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ரேப்பில் வெள்ளையாகப் பூஞ்சணம் இருந்தால் தொடாதீர்கள், தெரிந்தவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் வாய்ப்பக்கம் நடுவில், செப்புத் தகட்டின் மேல் ஒரு சின்னக் கம்பளித் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்துவிட்டால் சத்தம் மங்கிவிடும். வேறொரு கசற்றில் இருந்து கழற்றி மாற்றலாம்.

ரெக்கோடரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பஞ்சில் கபில நிறம் வராமல் போகும் வரைக்கும் துடையுங்கள். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதைக் கால் சுற்று அங்கும் இங்கும் திருப்பினால், ஒரு இடத்தில் ஜால்ரா சத்தம் பளிச்சென்று திறக்கும். அங்கே நிறுத்துங்கள். இந்த வேலையை முதலில் வேறொரு பழைய கசற்றில் பழகுங்கள், அப்பாவுடையதில் வேண்டாம். பிறகு ஹெட்ஃபோன் துளையில் இருந்து வயர் ஒன்றைக் கம்பியூட்டரின் லைன்-இன் துளைக்குக் கொடுங்கள். ஃபோனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துப் பதிந்தால் இன்னொரு தலைமுறைக் குழந்தைச் சத்தமும் சேர்ந்துகொள்ளும். ஏ பக்கம் முழுவதையும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வேவ் கோப்பாகப் பதியுங்கள், பிறகு பி பக்கம். எம்பி3 ஆக்குவதும் பாட்டுப் பாட்டாக வெட்டுவதும் அதற்குப் பிறகு.

வெட்டும்போது, பாதியில் நிற்கும் பாட்டையும் சிணுங்கலையும் அந்தக் கடைசி அரை நிமிடத்தையும் விட்டுவைத்த ஒரு முழுப் பிரதியை வேறாக எடுத்து வையுங்கள். பைலாவின் முதல் பத்து விநாடியை மட்டும் எனக்கு அனுப்புங்கள். ட்ரம் எடுக்கும் விதத்தைக் கேட்டால் எந்தக் குழு என்று சொல்லிவிடலாம்.